முந்தின வரியும் சம்பலும்

டுரியான் துங்கால் ஊரின் காலை வெயில் ருக்கையா அக்காவின் சாப்பாட்டுக் கடைப் பாத்திரங்களில் துள்ளுகிறது. ராகினியின் வலக்கை நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றில், இடக்கையில் கைப்பேசி. "'கண்ட இடத்தில் கொல்லுங்கள்'னு உங்க குர்ஆன்ல இருக்காமேக்கா? ஆபீஸ் குரூப்ல போட்டுட்டேன்." அக்காவின் கரண்டி அந்தரத்தில் நிற்கிறது. "அதுக்கு முந்தின வரியப் படி லா." ராகினி இடது கட்டைவிரலால் தேடிப் படிக்கிறாள்: "உங்களோடு போரிடுகிறவர்களோடு போரிடுங்கள்; வரம்பு மீறாதீர்கள்." காது சூடாகிறது, ஆனாலும் விடவில்லை. "போர்னுதானே இருக்கு?" "அடிக்க வந்தவன்கிட்ட மட்டும். அவன் நிறுத்தினா நாமளும் நிறுத்திடணும். இதையும் குரூப்ல போடு, அப்பதான் தொட்டுக்க சம்பல்." காரச் சம்பல் கிண்ணத்தை அக்கா தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். அசடு வழிய ஒற்றை விரலால் அந்த வரியைக் குரூப்பில் தட்டிக்கொண்டே ராகினி சிணுங்குகிறாள்: "இது வன்முறை லா, அக்கா!" அக்கா குலுங்கிச் சிரிக்கிறாள். "சோத்தப் பிடுங்கலையே? வரம்புக்குள்ளதான் நிக்கிறேன்."