மாடி வருமுன்

கண்டி வாவிக்கரையில் அந்த வாசகசாலையை எழுப்பியபோது முதலில் கீழ்த்தளம் மட்டுந்தான் கட்டினார்கள். மேலே ஓடு, அதற்கு மேலே வானம். ஆனாலும் மஃரிபுத் தொழுகைக்குச் சற்று முன்னால், பொழுது சாயும் நேரத்தில், வாசகர்கள் எல்லோரும் போனபிறகு, மேலே யாரோ கதிரை இழுக்கும் சத்தம் கேட்கும்.

காவற்காரர் பளீல் அதை ஓடு சூடாறும் சத்தமென்றே சொல்லிவந்தார். அவருடைய மனைவி ஹிதாயா அதை நம்பவில்லை. நோன்பு மாதத்தில் அவருக்குக் கஞ்சி கொண்டுவரும்போதெல்லாம் மூன்றாவது கோப்பை ஒன்றையும் மேசையில் வைப்பாள். பிறகு கூரையைப் பார்த்துக் கூப்பிடுவாள்.

"மேல ஈக்கிறவங்களும் வாங்க. நோன்பு தொறக்கிற நேரமாச்சி."

கதிரைச் சத்தம் நிற்கும். சுவரோரமாக யாரோ இறங்கிவரும் காலடி கேட்கும். பாதியில் அதுவும் நின்றுவிடும்.

"வெக்கப்படுறாங்க போல," என்பாள் ஹிதாயா.

அவள் காய்ச்சலில் மௌத்தாகிச் சில வருஷங்களுக்குப் பிறகு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில், மாடி கட்டி முடிந்தது. படிக்கட்டு அதே சுவரோரமாகத்தான் வந்தது. அந்த நோன்பு மாதத்தில் ஒரு மாலை, மறுநாள் கூட்டத்துக்காக, தாடி நரைத்துவிட்ட பளீல் மாடியில் தனியாகக் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கீழ்க்கதவை அவரே பூட்டியிருந்தார்.

"மேல ஈக்கிறவங்களும் வாங்க," என்று கீழேயிருந்து ஹிதாயாவின் குரல் கேட்டது.

அவர் கதிரையை விட்டுவிட்டு இறங்கினார். பாதிப் படியில் நின்றுவிட்டார். கீழே விளக்கடியில் மூன்று கோப்பைகள் இருந்தன. ஹிதாயா கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கதிரையில் இருந்த அவள் புருஷனுக்குத் தாடி இன்னும் நரைக்கவில்லை.