எட்டு மணித் தொடர்

அந்த வருடம் தொலைக்காட்சி நிலையத்தில் ஐந்து புதுத் தொடர்கள் தொடங்கின. ஐந்தையும் எடுத்தவர் ஒரே தயாரிப்பாளர். ஐந்தும் பிறந்த மாதமே கண்ணை மூடின. கடைசித் தொடரில் மணமேடை வரை வந்த கதாநாயகிக்கு, மாப்பிள்ளை யாரென்று இன்றுவரை தெரியாது.

"ஊரே பார்க்குது சார்!" என்று மேலாளரிடம் மன்றாடினார் தயாரிப்பாளர்.

"ஊர் பார்த்து என்னய்யா? யார் எதைப் பார்க்கறாங்கன்னு கணக்கெடுக்கிற பெட்டி இந்த ஊர்ல ஒரே வீட்டுலதான் இருக்கு. அங்க உங்க தொடரை ஒரு நாள்கூடப் போடலையே!"

"எந்த வீடு சார்? கால்ல விழுந்தாவது கேட்டுக்கறேன்."

"அது எங்களுக்கே தெரியாது. நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்."

வேலை போனதால் அன்றுதான் முதல்முறையாக எட்டு மணிக்கே வீட்டுக்கு வந்தார். மனைவி வேறு நிலையத்தின் தொடரில் மூழ்கியிருந்தாள். டிவிக்கு அடியில், பூத்துணி போர்த்திய சின்னப் பெட்டி ஒன்று கண் சிமிட்டியது.

"என்னடி இது?"

"ஜனவரியில கணக்கெடுக்கறவங்க வந்து வெச்சாங்க. கட்டின புருஷன்கிட்டகூடச் சொல்லக் கூடாதாம். வீட்டுல யாராவது டிவியில வேலை பார்க்கறாங்களான்னு கேட்டாங்க. ஆமான்னா பெட்டி வெச்சுக்கறதுக்குக் கொடுக்கிற இலவசக் குக்கர் கிடையாதாம், இல்லைன்னுட்டேன்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"என் தொடரை ஒரு நாளாவது பார்த்திருக்கலாமேடி!"

"சாப்பிடறப்பவே முழுக் கதையையும் சொல்லிடறீங்க. அப்புறம் பார்க்கறதுக்கு என்ன இருக்கு?"