ஆர்த்திகாவின் அம்மா

"எங்க, ஒரு வார்த்தை பேசு பாப்போம். குரலை வச்சுத்தான் எனக்கு உன்னையத் தெரியும்."

மதுரை கோர்ட் வராந்தாவில் எதிரே வந்து நின்ற அந்த அம்மாளைப் பார்த்ததும் முகேஷ் கைகூப்பினான். "வணக்கம்மா" என்றான்.

"இவன்தான்," என்றார் சோலையம்மாள், தன் வக்கீலிடம். கோபமே இல்லை. சந்தையில் தன் ஆட்டை அடையாளம் காட்டுவது போலச் சொன்னார்.

படிப்புக் கடன் கொடுக்கும் கம்பெனியில் வசூலுக்குப் போன் போடுவது முகேஷின் வேலை. நர்சிங் படிக்கக் கடன் வாங்கிய ஆர்த்திகா என்ற பெண் தவணை கட்டமுடியாமல் தன் நம்பரை மாற்றிவிட்டாள். அவள் பெயருக்கு நேரே 'அம்மா' என்று இன்னொரு நம்பர் இருந்தது. அன்றிலிருந்து இந்த அம்மாளைப் பிடித்துக்கொண்டான்.

மிரட்டினான், கெஞ்சினான், வாயில் வந்ததெல்லாம் பேசினான். பெண் எங்கே வேலை பார்க்கிறாள் என்று தெரிந்தால் போதும், அங்கே போய் மானத்தை வாங்கிவிடலாம் என்பது மேனேஜரின் கணக்கு. அந்த ஒன்றை மட்டும் அந்த அம்மாள் வாயிலிருந்து வரவழைக்கவே முடியவில்லை. எதுவானாலும் என்னிடமே கேள், பிள்ளையை விட்டுவிடு என்பார். அப்புறம் தன் ஊர் எழுமலையில் மழை இல்லாதது, மாடு சினை பிடிக்காதது என்று பேச்சை இழுத்துக்கொண்டே போவார். அதற்குள் நாலு பேருக்குப் போன் போட்டிருக்கலாம்.

ஒரு நாள் பொறுமையிழந்து, "பொம்பளைப் பிள்ளைய வச்சுக்கிட்டா பணத்துக்குப் பஞ்சம்?" என்று கேட்டுவிட்டான்.

"இந்தச் சொல்லுக்கு நீ கோர்ட்ல பதில் சொல்லணும் தம்பி" என்று மட்டும் வந்தது. சொன்னபடியே செய்துவிட்டார். பேசியதெல்லாம் அவர் போனில் பதிவாகியிருந்தது.

இப்போது கம்பெனி வக்கீல் வந்து சமாதானம் பேசினார். வழக்கை வாபஸ் வாங்கினால் ஒரு நல்ல தொகை கிடைக்கும் என்றார். சோலையம்மாள் அசையவில்லை.

"எனக்கு ஒண்ணும் வேணாம். பிள்ளைக்கு வட்டியத் தள்ளுங்க. இனிமே எந்த வீட்டுப் பிள்ளையவும் இப்படிப் பேச மாட்டோம்னு ஜட்ஜு முன்னால எழுதிக் குடுங்க."

பெற்றவள் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று முகேஷ் மலைத்துப் போய் நின்றான். தன் வேலை போகப் போகிறது என்ற கவலைகூட அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

படியேறி வந்த ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் சோலையம்மாள் உற்று உற்றுப் பார்த்தார். மகள் இன்னும் வரவில்லையே என்ற தவிப்பு என்று முகேஷ் நினைத்துக்கொண்டான்.

கடைசியில் நர்ஸ் உடுப்போடு ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். சோலையம்மாளைத் தாண்டிப் போய் அவருடைய வக்கீல் முன்னால் நின்றாள்.

"சார், நான் ஆர்த்திகா. காலேஜ்ல சொல்லி விட்டிருந்தீங்களே. எங்கம்மா நம்பருக்குப் போன் போட்டுப் பேசுனதுக்குக் கேஸாமே? அம்மா செத்து மூணு வருசமாச்சு சார். அந்த சிம்மையே நாங்க தூக்கிப் போட்டுட்டோம். கேஸ் போட்டது யாரு?"

முகேஷ் திரும்பினான். சோலையம்மாள் அந்தப் பெண்ணை முதல் முறையாகக் கண் நிறையப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருசம் உசிலம்பட்டியில புது சிம்மு வாங்குனேன்ப்பா, இந்த நம்பரைத்தான் குடுத்தாங்க. மறுநாளே நீ பேசுன," என்றார் அவனிடம். "ராங் நம்பருன்னு சொல்லியிருந்தா, நீ அடுத்து இந்தப் பிள்ளையத் தேடிப் போயிருப்பேல்ல?"