நந்தகோபால் போட்ட ஜோக்கர்

“ஜோக்கரை எவனாவது கீழ போடுவானா, நந்தகோபால்?”

ஜெயகரனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆம்பூர் டேனரி ஒன்றின் மேனேஜர் அவர். ஸ்டாஃப் கிளப் ரம்மிப் போட்டியில் வருஷா வருஷம் கப்பை வாங்குபவரும் அவரே. இன்றைய இறுதி ஆட்டத்தையும் இப்போதுதான் ஜெயித்திருந்தார். எதிரே அக்கவுண்டன்ட் நந்தகோபால் வெற்றிலையை மென்றபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

“சும்மா ஜாலிக்குத்தானே சார் ஆடறோம். அதும் மூஞ்சி புடிக்கல, போட்டுட்டேன்.”

“ஜாலியா? எந்தச் சீட்டு போச்சு, எது பாக்கி, உங்க கையில இன்னா இருக்கும்னு நான் கணக்குப் போட்டு ஆடறேன். ரம்மி ஒரு சயின்ஸுய்யா.”

அந்த சயின்ஸ் ஸ்டாஃப் எல்லோருக்கும் மனப்பாடம். ஜெயித்தவர் மொத்த கிளப்புக்கும் மட்டன் பிரியாணி போடுவது வழக்கம். பிரியாணி தேக்சா பக்கத்தில் நின்றுகொண்டு, தான் ஜெயித்த விதத்தை ஜெயகரன் சீட்டு சீட்டாக விளக்குவார். வாயில் எலும்போடு எல்லோரும் தலையாட்டுவார்கள்.

“சரி சார், சயின்ஸே ஜெயிச்சுது. கப்பை எடுத்துக்கங்க.”

“பிச்சை போடறியா? இந்த ஆட்டம் செல்லாது. சீட்டைக் கலை. மூளையைப் போட்டு ஆடறேன்னு உங்க முருகன் மேல சத்தியம் பண்ணு.”

நந்தகோபாலின் சிரிப்பு நின்றுவிட்டது. ஷிப்பிங் செக்‌ஷன் ஆபித் பாஷா பதறிப்போய்க் குறுக்கே வந்தார். “வேணாம் சார். பேஜாரு. இருக்கட்டும் வுடுங்க.”

“நீ சும்மா இரு, பாஷா. எனக்குப் பரிஞ்சு பேசாத. ஆட்டத்தை அவமானப்படுத்தறவனை நான் வுட மாட்டேன்.”

வேறு வழியில்லாமல் நந்தகோபால் சத்தியம் செய்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஜெயகரன் ஒரு செட்டுகூடச் சேர்க்கவில்லை. அதற்குள் நந்தகோபால் கடைசிச் சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை முடித்து, செத்த குரலில் சொன்னார்: “டிக்.”

யாரும் கைதட்டவில்லை. ஜெயகரன் நிமிர்ந்து பார்த்தார். எல்லா முகங்களிலும் இழவு விழுந்த களை. தன் தோல்விக்காக இத்தனை பேர் துடிக்கிறார்களே என்று நெகிழ்ந்து எழுந்து நின்றார்.

“பரவால்லப்பா, மனசைத் தேத்திக்கங்க. ஆட்டம்னா…” என்று ஆரம்பித்தார்.

அவர் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. ஆபித் பாஷா நந்தகோபாலின் சட்டையைப் பிடித்திருந்தார்.

“இத்தினி வருஷமா எல்லாரும் எவ்ளோ பாடுபட்டுத் தோத்துக்கினு வர்றோம். ஒரே ஆட்டத்துல கெடுத்துட்டியே தோஸ்த். பிரியாணியை உன் சம்பளத்துலயா போடுவே?”