வாஷர்

எண்ணெய் ஒழுகுவதை நிறுத்த, தேய்ந்த வாஷரை மாற்ற வேண்டும். பரந்தாமன் என்ஜினின் அடி போல்ட்டைக் கழற்றியதும், காருக்கடியில் அவனோடு படுத்திருந்த வசுமதி அந்த ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டாள். புது வாஷரை எடுக்க அவன் வெளியே வந்தான். கார் அவளுடையது. பின்சீட்டில் அவள் பெட்டிகள் ஏறியிருந்தன. கணவனை விட்டுப் போகிறாள்; திரும்பி வருவதாக இல்லை.

"புது வாஷர் கெடச்சுதா?"

"தேடுறேன்."

அது அவன் உள்ளங்கையில்தான் இருந்தது. அவள் விரல் அங்கிருக்கும்வரை கார் நகராது. கறுத்த எண்ணெய் அவள் முழங்கை வரை வழிவதைக் குனிந்து பார்த்தபடி நின்றான்.

"கை மரத்துப்போச்சுங்க."

"இரு, இங்கதான் எங்கயோ வச்சேன்."

கீழிருந்து அவளுக்கு அவன் கால்கள் மட்டும் தெரிந்தன.

"தேடுறவரு காலு இப்படி ஒரே எடத்துலயா நிக்கும்?"

அவன் உள்ளங்கையை இறுக மூடிக்கொண்டான். அவளும் விரலை எடுக்கவில்லை.