இருபத்துநாலாவது செட்

லோகாம்பாள் ஆன்ட்டி கவரை மேசைமேல் வைத்தார். கையை எடுக்கவில்லை.

"இதான் கடைசிம்மா," என்றார்.

கவருக்குள் மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று என்று கண்ணாடி போன்ற இரண்டு பிளாஸ்டிக் உறைகள். கோணல் பல்லை நேராக்க மாட்டிக்கொள்கிற அலைனர். மூலையில் 24 என்று அச்சிட்டிருந்தது.

ஆன்ட்டியின் பல்லுக்கு இது தேவையே இல்லை. தெத்துப்பல் அவருடைய வீட்டுக்காரர் வழிச் சொத்து. மகள் தேவிப்ரியாவுக்கு அப்படியே வந்திருந்தது.

நான் பிரவீனா. சின்ன காஞ்சிபுரத்துப் பல் கிளினிக்கில் வரவேற்பு மேசை ஆறு வருஷமாக என் ராஜ்ஜியம். டாக்டரே எனக்குப் பிறகு வந்தவர்தான்.

அந்த வீட்டுக்காரர், மாவு மில் உமாபதிதான் மகளை இங்கே அழைத்துவந்தார். கல்யாண ஆல்பத்தில் பல் வரிசையாகத் தெரிய வேண்டுமாம். தன் அக்கா மகனுக்குத்தான் பெண் என்று அவரே முடிவு செய்து வைத்திருந்தார். பதினைந்து நாளைக்கு ஒன்றாக இருபத்துநாலு செட். மொத்தமும் ஒரு டப்பாவில் வீட்டுக்குப் போனது.

ஆறாவது செட்டில் இருந்தபோது தேவி, தான் காதலித்த மாகறல் கிராமத்து ஜெயக்குமாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். போட்டிருந்த துணியோடு போனவள் பீரோவில் இருந்த டப்பாவை நினைக்கவா போகிறாள்?

உமாபதி வீட்டில் பெருமாள் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார். மனைவியை அதை அடித்து அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். இனி அவளைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது.

ஆன்ட்டி அடித்து அணைத்தார். இன்றுவரை சத்தியத்தை மீறவில்லை. ஆனால் பிளாஸ்டிக் கவர் கொடுத்தனுப்பக் கூடாது என்று சொல்ல உமாபதி மறந்துவிட்டார்.

விவரம் தெரியாமல் ஏழாவது செட்டை நினைவுபடுத்த வீட்டுக்குப் போன் செய்தவள் நான்தான். எடுத்தது ஆன்ட்டி. "அவ அங்க வருவாளாம்மா?" என்று கேட்டார். அந்தக் குரலுக்கு முடியாது என்று எப்படிச் சொல்வது? தேவியின் புது நம்பரைத் தேடிப் பிடித்து நானே வரச்சொன்னேன்.

அன்றிலிருந்து ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில், மில்லில் கூட்டம் நெரிகிற நேரமாகப் பார்த்து ஆன்ட்டி வருவார். ஒரே ஒரு கவர் கொடுப்பார். அன்று சாயங்காலம் தேவி வந்து வாங்கிக்கொண்டு போவாள்.

மொத்தமாகக் கொடுத்துவிடுங்களேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். காது கேட்காத மாதிரி ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் என் மரமண்டைக்கு உறைத்தது.

ஒவ்வொரு முறையும் என் வாயைக் கிளறுவார். இளைத்துவிட்டாளா, தலை வாரியிருந்தாளா, என்ன கலர் போட்டிருந்தாள். பச்சைச் சுடிதார் என்று சொன்ன அன்று, அது தீபாவளிக்குத் தான் எடுத்துக் கொடுத்தது என்று இரண்டு தடவை சொன்னார்.

இன்று அதெல்லாம் கேட்கவில்லை.

"இதுக்கு மேல டாக்டர் ஒண்ணும் தரமாட்டாராம்மா? சின்னதா ஏதாவது ஒண்ணு?"

இனி தன் கையிலிருந்து மகள் கைக்குப் போக ஒரு பொருளும் இல்லை என்பதைத்தான் அவர் அப்படிக் கேட்டார்.

அம்மாவிடம் சொல்லவே கூடாது என்று தேவி என்னிடமும் ஒரு சத்தியம் வாங்கியிருந்தாள். நல்லவேளை, நான் கற்பூரம் எதையும் அணைக்கவில்லை.

"ஆன்ட்டி, நீங்க குடுத்ததுல ஒண்ணுகூட அவளுக்கு சேரல."

வீட்டைவிட்டுப் போன கலவரத்தில் தேவி மூன்று வாரம் எதையும் மாட்டவில்லை. பல் நகர்ந்துவிட்டது. ஏழாவது செட்டே ஏறவில்லை. டாக்டர் புதிதாக அளவெடுத்தார். புது செட்டுகள் கூரியரில் வந்தன. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இனி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தலைகாட்டினால் போதும் என்று டாக்டர் அன்றே சொல்லியனுப்பினார்.

ஆன்ட்டியின் முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப அவ வரவேயில்லியா? நீ என் மனசுக்காவ சொன்னியா?"

"வந்துக்கினுதான் ஆன்ட்டி இருக்கா. ஒரு தபாகூட தவறல. கம்பெனி பஸ்ஸ விட்டு எறங்கி நேரா இங்கதான் வருவா. அம்மா குடுத்தாங்களாக்கான்னு கேப்பா. கவர மோந்து பாப்பா. மில்லு மொளகாத்தூள் நெடியில தும்முவா. அப்புறம் பையில வச்சிக்கினு போயிடுவா. பதினேழு கவரும் அவகிட்டதான் இருக்குது."

ஆன்ட்டி மேசைமேல் இருந்த கவரைத் திரும்ப எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"எத்தினி மணிக்கு வருவா?"

"ஆறு மணிக்கு."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றேகால்.

"சத்தியம் பண்ணியிருக்கீங்களே ஆன்ட்டி," என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

"அத நான் பெருமாள்கிட்ட சொல்லிக்கிறேன்."

பைக்குள் செல்போன் அடித்தது. மில் நம்பர். ஆன்ட்டி அதை அணைத்துவிட்டு, வாசலைப் பார்த்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.