விட்டுப்போன தகடு

“பதினாலு வருசமா எங்கிட்ட வண்டி ஓட்டுனவனுங்க. பின்னாடி கியரைத் தூள் பண்ணிப்போட்டான். நேத்தோட நிக்கச் சொல்லிட்டேன்.”

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் காடு வைத்திருக்கும் தனபால், பட்டறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார். அவருடைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பை டிராக்டர் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தது.

“யாரு, சின்னானுங்களா?” என்றார் மெக்கானிக் வெங்கடாசலம்.

“அவனேதான். லோடோட மேட்டுல அடிச்சு ஏத்தியிருக்கான். குடிச்சிருந்தானோ என்னமோ.”

“அவரு குடிக்க மாட்டாருங்களே.”

“அப்புறம் எப்படிங்க ஒடையும்? பிரிச்சுப் பாருங்க. மத்தியானமா வாரேன்.”

காலையிலிருந்து இது மூன்றாவது வண்டி. குனிந்து நிமிர்ந்ததில் அவருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. வெங்கடாசலம் ஜீப்பை ஜாக்கியில் தூக்கி, பின் சக்கரத்தைக் கையால் சுற்றினார். கறகறவென்று பிடித்தது. பின் அச்சில் பல்சக்கரங்கள் இருக்கும் டிஃபரன்ஷியல் பெட்டியின் ஆயிலை வடித்தார். இரும்புத் தூளோடு சேர்ந்து வந்தது. மூடியைக் கழற்றியதும் ஒடிந்த பல் இரண்டு தட்டில் விழுந்தன.

எடுத்துப் பார்த்தார். மேட்டில் அடித்து ஏற்றி ஒடிந்தால் பல் முழுசாக ஒடியும். இவை ஓரத்தில் மட்டும் தேய்ந்து, அப்புறம்தான் ஒடிந்திருந்தன. பல்சக்கரங்கள் சரியாகப் பொருந்தாமல் மாசக்கணக்கில் ஓடியிருக்கின்றன.

பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தைக் கழற்றினார். அதற்கடியில், இடைவெளியைச் சரிசெய்ய இரண்டு மெல்லிய தகடுகள் இருக்க வேண்டும்.

ஒன்றுதான் இருந்தது.

நாலு மாசத்துக்கு முன்னால் அந்தப் பினியனுக்கு பேரிங் மாற்றியது அவரேதான்.

வெங்கடாசலம் அந்த ஒற்றைத் தகட்டைத் துடைத்துத் தனியே வைத்தார்.

மாற்றிய மறு வாரமே சின்னான் வந்தது ஞாபகம் வந்தது. “ஏனுங்க, ஆக்சிலேட்டரை மிதிச்சா பின்னாடி ஊளையிடற மாதிரி கேக்குதுங்க. காலை எடுத்தா கடக்குனு இடிக்குது.”

“புது பேரிங்குங்க. ஓட ஓடச் சரியாயிரும்.” வேலை நெருக்கடியில் எழுந்துகூடப் பார்க்கவில்லை.

அடுத்த மாசமும் வந்தார். அதே பதில்தான் சொல்லியனுப்பினார்.

இப்போது விட்டுப்போன தகட்டையும் சேர்த்துப் புதுப் பல்சக்கர செட்டை மாட்டி அனுப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது. பட்டறைக்கும் கெட்ட பேர் வராது. ஆனால் சின்னானுக்கு ஐம்பத்தாறு வயசு. வண்டியை உடைத்தவர் என்று பேரான பிறகு அவரை இனி யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

மத்தியானம் தனபால் வந்ததும் வெங்கடாசலம் எழுந்து போனார்.

“சின்னான் மேல தப்பே இல்லீங்க. நாந்தான் ஒரு தகட்டைப் போடாம உட்டுட்டேன். சத்தம் வருதுன்னு அவரு ரெண்டு தடவை வந்து சொன்னாரு. அப்பவும் நான் காதுல வாங்கலீங்க. சாமான், கூலி எல்லாம் என்னோட பொறுப்பு. அவரை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டுக்குங்க. நானே அவரு ஊட்டுக்குப் போயி மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

தனபால் அக்கம்பக்கம் பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை. வெங்கடாசலத்தின் தோளில் கைபோட்டுக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனார்.

“மெதுவாப் பேசுங்க. அவன் எங்கிட்டயும் மூணு மாசமாச் சொல்லிட்டுத்தான் இருந்தான். எம்பையன் கவின் படிப்பை முடிச்சு ஊட்டுக்கு வந்துட்டான். இனி வண்டியை அவனே ஓட்டிக்குவான். இத்தனை வருசம் உழைச்சவனைச் சும்மா போன்னு சொன்னா ஊரே என்னைத்தானுங்க ஏசும்? இப்ப அவனைத்தான ஏசுது. அது அப்படியே இருந்துட்டுப் போகட்டுமுங்க.”